டிராயரைக் கழற்றிப் பாருங்கள்

வணக்கம் நேயர்களே. ஆஸ்திரேலியக் காலனி கால மரச்சாமான், அலங்காரப் பொருள் சேகரிப்பைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். 1788இல் கைதிகளோடு கப்பல்கள் சிட்னியில் வந்து நின்றதிலிருந்து 1901இல் ஆறு காலனிகளும் ஒரே நாடாகும் வரை இங்கே செய்த மேசை, நாற்காலி, அலமாரி, வெள்ளிச் சாமான் எல்லாம் இதில் சேர்த்தி. செய்தவர்கள் பெரும்பாலும் பிரிட்டனில் தொழில் கற்றவர்கள், வாங்கியவர்களும் அங்கே உள்ளதைப் போலவே வேண்டும் என்று கேட்டவர்கள், அதனால் முன்னால் நின்று பார்த்தால் சிட்னியா லண்டனா என்று சொல்வது பெரும்பாலும் கஷ்டம். என்னைக் கேட்டால் வடிவத்தைப் பார்த்து மயங்காதீர்கள், மரத்தைப் பாருங்கள் என்பேன்.

முக்கியமான மரம் சிவப்பு சிடார். பெயர்தான் சிடார், குடும்பம் வேப்பங்குடும்பம். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் சந்தன வேம்பு என்கிறார்களே, அதே இனம். சிட்னிக்கு வடமேற்கே ஹாக்ஸ்பரி ஆற்றங்கரையில் கண்டுபிடித்த கையோடு வெட்டத் தொடங்கிவிட்டார்கள், 1790களிலேயே இந்தியாவுக்குக்கூடக் கப்பலில் போயிருக்கிறது, 1802இல் ஆளுநர் கிங் அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது என்று உத்தரவு போட வேண்டிய அளவுக்கு நிலைமை போய்விட்டது. உத்தரவை யார் மதித்தார்கள்? வெட்டுக்காரர்கள் சிட்னிக்குத் தெற்கே இல்லவாரா பகுதியில் புகுந்தார்கள், வடக்கே ஹண்டர், கிளாரன்ஸ், ரிச்மண்ட் என்று ஒவ்வொரு ஆறாகப் பிடித்துக்கொண்டு நகர்ந்தார்கள், வெட்டிய மரத்தை ஆற்றிலேயே மிதக்கவிட்டுக் கொண்டுவந்தார்கள், நூற்றாண்டு முடிவதற்குள் பெரிய மரங்கள் ஏறக்குறைய தீர்ந்துபோயின. திரும்ப நடலாமே என்றால் ஒரு அந்துப்பூச்சியின் புழு குருத்தைத் துளைத்துவிடுகிறது, மரம் நேராக வளர்வதில்லை. ஆகவே அந்தக் காலத்து ஒரே பலகையில் செய்த அகலமான மேசையை இன்று பார்த்தால், அந்த மாதிரிப் பலகை இனிமேல் சுலபத்தில் கிடைக்காது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கிறோம்.

சரி, அடையாளம் காண்பது எப்படி? டிராயரை முழுவதுமாக வெளியே இழுங்கள். இங்கிலாந்தில் மஹோகனி இறக்குமதிச் சரக்கு, விலை அதிகம். வெளியே மெல்லிய மஹோகனித் தகடு ஒட்டி உள்ளே பைன் மரத்தை வைத்துச் சமாளிப்பது அங்கே சாதாரணம். இங்கே சிடார் குவிந்து கிடந்ததால் யாருமே பார்க்காத டிராயர் அடிப்பலகையையும் முதுகுப்பலகையையும்கூட அதிலேயே போட்டிருப்பார்கள். தூக்கினால் மஹோகனியைவிட இலேசாக இருக்கும், விரல் நகமே தடம் பதிக்கும் அளவுக்கு மென்மை. ஆனால் மெல்லிய தகடு ஒட்டும் வேலை சிட்னியிலும் உண்டு, பிறகு பைன் மரமும் உள்ளே வந்தது, அதனால் இந்த ஒரு சோதனையை மட்டும் நம்பி ஏலத்தில் கையைத் தூக்கிவிடாதீர்கள். கால் ஒரு மேசையிலிருந்தும் மேல்பாகம் இன்னொன்றிலிருந்தும் வந்து சேர்ந்த சாமான்கள் சந்தையில் தாராளமாக உண்டு, அவற்றைக் காட்டிக்கொடுப்பதும் அடிப்பக்கம்தான்.

பெரும்பாலான சாமான்களில் செய்தவர் பெயர் இருக்காது. பெயர் தெரிந்த அபூர்வமானவற்றில் ஒன்று மக்குவாரி பெட்டி. 1818 வாக்கில் சிட்னிக்கு வடக்கே உள்ள நியூகாசிலில் செய்தது. மறுபடியும் குற்றம் செய்த கைதிகளை அனுப்பும் இடம் அது, அங்கே அதிகாரியாக இருந்த கேப்டன் ஜேம்ஸ் வாலிஸ் ஆளுநர் லாக்லன் மக்குவாரிக்காகச் செய்யச் சொன்னார். வெளியே பார்த்தால் அமைதியான ஒரு மரப்பெட்டி; திறந்தால் ஓவியப் பலகைகள், அடுக்கடுக்காகப் பதம் செய்த பறவைகள், வண்ணத்துப்பூச்சிகள், வண்டுகள், சிப்பிகள். ஓவியம் தீட்டியது கள்ள நோட்டு வழக்கில் நாடு கடத்தப்பட்ட ஜோசப் லைசெட் என்றும், தச்சு வேலை பாட்ரிக் ரைலி, வில்லியம் டெம்பிள் என்ற இரண்டு கைதிகளுடையது என்றும் கருதுகிறார்கள். ஸ்காட்லாந்தில் ஒரு கோட்டையில் நெடுங்காலம் கிடந்து, 2004இல் நியூ சவுத் வேல்ஸ் மாநில நூலகம் வாங்கியது. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதே வாலிஸ்தான் 1816இல், அதே மக்குவாரியின் உத்தரவின்பேரில், சிட்னிக்குத் தென்மேற்கே உள்ள ஆப்பினில் பழங்குடி மக்களைக் கொன்ற படைக்குத் தலைமை தாங்கியவர். குறைந்தது 14 பேர் இறந்தார்கள். பரிசு கொடுத்தவரும் வாங்கியவரும் யார் என்று தெரிந்துகொண்டு அந்தப் பெட்டியைப் பார்ப்பதுதான் நியாயம் என்று நினைக்கிறேன்.

பெட்டி செய்த அந்த டெம்பிள், ஜான் வெப்ஸ்டர் என்ற இன்னொரு கைதியோடு சேர்ந்து 1820-21இல் மக்குவாரிக்கு இரண்டு கோதிக் பாணி நாற்காலிகளும் செய்தார், மெத்தைக்குப் போர்த்தியது உள்ளூர் கங்காரு இனத் தோல். ஒன்று சிட்னி பவர்ஹவுஸ் அருங்காட்சியகச் சேகரிப்பில் இருக்கிறது.

சிடார் தவிர வேறு மரங்களும் உண்டு. நம் ஊரில் சாரம் கட்டவும் அடுப்பெரிக்கவும் சவுக்கு இருக்கிறதல்லவா, அதன் சொந்தக்கார மரம் ஒன்றை இங்கே அறுத்து மினுமினுக்கும் ரேகைகளோடு பெட்டி செய்தார்கள். டாஸ்மேனியா சாமான்களில் மணமுள்ள ஹூயான் பைனும் பிளாக்வுட்டும் வரும். பிளாக்வுட் வேறு ஒன்றுமில்லை, வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து நீலகிரியில் நட்டார்களே, அந்த வேல மர வகைதான்.

அலங்காரப் பொருள்களில் அடிலெய்டின் வென்ட், ஸ்டெய்னர் போன்ற பொற்கொல்லர்கள் ஈமு முட்டைக்கு வெள்ளிக் கால் வைத்து, கூடவே ஒரு பெரணி மரத்தையும் கங்காருவையும் நிறுத்திச் செய்த சாமான்கள் மிகப் பிரபலம். வேலைப்பாடு அபாரம்தான், எனக்கென்னவோ வீட்டில் வைக்க மனம் வராது.

மெல்போர்ன் பக்கத்துச் சாமான் வாங்கினால் முதுகில் முத்திரை இருக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடுங்கள். மலிவாக, வேகமாகச் செய்த சீனத் தச்சர்கள் அங்கே நிறையப் பேர். அவர்களோடு போட்டி போட முடியாத வெள்ளைக்காரத் தொழிலாளிகள் கூச்சல் போட, 1896இல் மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா காலனியில் ஒரு சட்டம் வந்தது. ஒரே ஒரு சீனர் வேலை செய்தாலும் அந்த இடம் தொழிற்சாலை, அதன் விதிகள் எல்லாம் பொருந்தும். செய்த சாமானில் சீனர் உழைப்பா ஐரோப்பியர் உழைப்பா என்று முத்திரையும் குத்த வேண்டும். 'ஐரோப்பிய உழைப்பு மட்டும்' என்ற முத்திரையோடு அலமாரிகள் இன்றும் கிடைக்கின்றன. அதை உரசி எடுத்துவிட்டு விற்பவர்கள் உண்டு, தயவுசெய்து நீங்கள் செய்யாதீர்கள், அந்தச் சாமானில் வரலாறு என்று இருப்பதே அந்த ஒரு வரிதான்.

அப்புறம் பாலிஷ். அக்காலத்துப் பளபளப்பு அரக்கைச் சாராயத்தில் கரைத்துத் துணியால் தேய்த்துத் தேய்த்து ஏற்றியது, அந்த அரக்கில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து போனது. 1970கள் வாக்கில் எல்லாவற்றையும் காஸ்டிக் சோடா போன்ற காரக் கரைசல் தொட்டியில் முக்கி வெளுத்துவிடும் மோகம் ஒன்று வந்து ஆயிரக்கணக்கான சாமான்களைக் கெடுத்தது. மேல்பூச்சு கறுத்திருந்தாலும் பரவாயில்லை, தொடாமல் விட்டிருக்கும் சாமானையே வாங்குங்கள்.

விலைக்குப் பயப்பட வேண்டாம். 1830க்கு முந்தியதெல்லாம் நமக்கு எட்டாது, விடுங்கள். ஆனால் 1870, 80களின் பெரிய சிடார் டிராயர் பெட்டிகள் இன்றைய ஃபிளாட்டுகளில் கதவு வழியாகவே நுழையாது என்பதால் ஏலங்களில் பிளைவுட் அலமாரி விலைக்கே போவதைப் பார்த்திருக்கிறேன். இடமே இல்லை என்றால் மண்ணெண்ணெய் டின்னையும் அது வந்த மரப்பெட்டியையும் வெட்டி ஏழைக் குடும்பங்கள் செய்த சின்ன டிராயர்கள் உண்டு, அவற்றில் சில காலனி காலத்துக்குப் பிந்தியவை, கறாரானவர்கள் சேர்க்கமாட்டார்கள். நான் சேர்ப்பேன்.