குப்பைக்குக் கொதிகலன் வேண்டாம்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி அண்ணன் பேசும்போது நானே கைதட்டிவிட்டேன். கொடுங்கையூரில் குப்பை மலை இருக்கிறது, கொஞ்ச தூரத்தில் வட சென்னை அனல்மின் நிலையம் இருக்கிறது, இதை எடுத்து அதில் போட்டால் மலையும் கரையும் நிலக்கரியும் மிச்சமாகும் என்றார். கேட்க அருமைதான்! ஆனால் அண்ணே, நம் வீட்டுக் குப்பைத் தொட்டியை ஒரு நாளாவது திறந்து பார்த்தீர்களா? காய்கறித் தோல், மிச்சச் சோறு, சாம்பார் சொட்டும் வாழையிலை. அந்த ஈரம் ஆவியாகவே நிலக்கரியின் சூடு போய்விடும். மின்சாரம் எடுக்கப் போய் சாம்பாரைச் சுண்டவைத்த கதைதான்.

சரி, ஈரத்தைப் பிரித்துவிட்டோம், காய்ந்ததை மட்டும் துண்டாக்கி ஆர்டிஎஃப், அதாவது குப்பையில் செய்த எரிபொருள், ஆக்கிவிட்டோம் என்று வையுங்கள். அதில் நன்றாக எரிவது பிளாஸ்டிக். அதோடு பிவிசியும் கலந்து வரும், அது எரியும்போது அதிலிருக்கும் குளோரின் ஹைட்ரஜன் குளோரைடு என்ற அமில வாயுவாகும், கொதிகலன் குழாய்களை அரிக்கும். 'டியூப் லீக்' என்றால் யூனிட்டையே நிறுத்த வேண்டும். அனல்மின் நிலையத்தில் வேலை பார்க்கிறவர் முன்னால் அந்த வார்த்தையைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும்.

அண்ணன் ஏம்ஸ் நகரத்தைக் காட்டினார். உண்மைதான், அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் 1975-லேயே அதற்கென்று ஒரு பிரிப்பு ஆலை கட்டி, இரும்பைத் தனியே எடுத்துவிட்டு, மிச்சத்தை நகராட்சியின் சொந்த மின்நிலையத்தில் நிலக்கரியோடு எரித்தார்கள். பல காலம் ஓடியது, நான் மறுக்கவில்லை. ஆனால் அது ஒரு சின்ன ஊர், அந்த ஊரும் 2016-ல் நிலக்கரியைக் கைவிட்டுவிட்டது.

எரித்தே தீர வேண்டும் என்றால் சிமெண்ட் சூளை இருக்கிறதே. அங்கே 1,450 டிகிரி சூடு, உள்ளே இருக்கும் சுண்ணாம்பே அமிலத்தைப் பிடித்துக்கொள்ளும், சாம்பல் கிளிங்கரோடு, அதாவது சிமெண்டாக அரைபடும் கட்டியோடு, சேர்ந்துவிடும். நம் பெரும்பாலான நிலக்கரி மின்நிலையங்களில் என்ன இருக்கிறது? தூசைப் பிடிக்க இஎஸ்பி என்ற கருவி. அது வாயுவைப் பிடிக்காது. கந்தக வாயுவைப் பிடிக்கும் எஃப்ஜிடி கருவி இருந்தாலாவது இந்த அமில வாயுவும் அதில் கழுவப்படும். அந்தக் கருவியைத் தேவையாக்கிய அளவுகோல் 2015-ல் வந்தது, தவணை மேல் தவணை நீட்டினார்கள், 2025 ஜூலையில் பெரும்பாலான ஆலைகளுக்கு விலக்கே கொடுத்துவிட்டார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்கள் மணி அடித்துக்கொள்ளலாம். இதே குப்பையைத் தனி எரியுலையில் எரித்தால், புகையில் ஒரு கன மீட்டருக்கு 0.1 நானோகிராம் டையாக்சின் என்ற நச்சுதான் இருக்கலாம் என்று 2016 திடக்கழிவு விதிகளில் வரம்பு வைத்தார்கள், ஹைட்ரஜன் குளோரைடுக்கும் வைத்தார்கள். அனல்மின் நிலையப் புகைக்கான 2015 அளவுகோலில் தூசு, கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடு, பாதரசம், அவ்வளவுதான். டையாக்சினுக்கு வரம்பே கிடையாது. அண்ணன் பதில் சொல்ல வரும்போது, அந்த 0.1-ஐ வட சென்னை அனல்மின் நிலையம் இருக்கும் அத்திப்பட்டில் யார் அளப்பார், எந்த விதியைக் காட்டி அளப்பார் என்று சொல்லட்டும், நான் உட்கார்ந்துவிடுகிறேன்.