பள்ளத்தாக்கில் இறங்க எந்தக் கயிறு வாங்குவது? – சந்தேகமும் விளக்கமும்

வணக்கம். இன்றைக்கு எடுத்துக்கொண்ட கேள்வி கலிஃபோர்னியாவிலிருந்து ஒரு நேயர் அனுப்பியது. "நண்பர்கள் நான்கு பேர் யூட்டா மாநிலத்தின் சயான் தேசியப் பூங்காவுக்குப் போய் பைன் கிரீக் என்ற குறுகிய பள்ளத்தாக்கில் இறங்கப் போகிறோம். பாறை ஏறும் 9.8 மில்லிமீட்டர் டைனமிக் (இழுபடும்) கயிறு என்னிடம் இருக்கிறது. அதுவே போதுமா, ஸ்டாடிக் (அதிகம் இழுபடாத) கயிறு வாங்கவேண்டுமா? எத்தனை டன் தாங்குவதாகப் பார்த்து வாங்குவது? நண்பர் ஒருவர் வீட்டில் பழைய கயிறு ஒன்றும் இருக்கிறது" என்று கேட்டிருக்கிறார்.

டன் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். நல்ல 9 மில்லிமீட்டர் ஸ்டாடிக் கயிறு ஏறத்தாழ இரண்டு டன் தாங்கும். முடிச்சுப் போட்டால் அதில் மூன்றில் ஒரு பங்கு குறையும் என்று வைத்தாலும் ஒரு டன்னுக்கு மேல் மிச்சம். அதில் தொங்கப்போகிறவர் எண்பது கிலோ. ஆகவே நம் எடையால் கயிறு அறுந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது பாறை விளிம்புக்கு. சயானில் இருப்பது மணற்பாறை, தொட்டால் உப்புத்தாள் மாதிரி இருக்கும். கயிறு வாங்கும்போது மனதில் நிற்கவேண்டியது அந்த விளிம்புதான்.

இப்போது உங்கள் டைனமிக் கயிற்றுக்கு வருவோம். விழுகிறவரை மெல்லப் பிடித்து நிறுத்துவதற்காகவே அது இழுபடுகிறது. எண்பது கிலோ தொங்கினாலே சுமார் 8 சதவீதம் நீளும். ஆங்கரிலிருந்து, அதாவது மேலே கயிற்றை மாட்டும் பிடிமானத்திலிருந்து, 20 மீட்டர் கீழே ஒரு விளிம்பு துருத்திக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். அந்த இடத்தில் கயிறு ஒன்றரை மீட்டருக்கு மேல் நீண்டு சுருங்கும். நீங்கள் காலை உதைத்து இறங்க இறங்க, ஒரே இடத்தில் ரம்பம் போட்ட மாதிரி மேலும் கீழும் தேயும். மூன்று சதவீதம் மட்டும் நீளும் ஸ்டாடிக் கயிறு அதே இடத்தில் அறுபது சென்டிமீட்டர்தான் அசையும். அதனால் ஸ்டாடிக் வாங்குங்கள். ஆனால் தயவுசெய்து அதைக் கட்டிக்கொண்டு முதல் ஆளாகப் பாறை ஏறாதீர்கள். அது அதிகம் இழுபடாததால் விழும்போது மொத்த அதிர்ச்சியும் இடுப்பிலும் ஆங்கரிலும் போய் இறங்கும்.

அடுத்து, எந்த நூல். கடைகளில் அதிகம் இருப்பது நைலான். நைலான் தண்ணீர் குடிக்கும், நனைந்தால் கனக்கும், பலமும் கொஞ்சம் குறையும். பைன் கிரீக்கில் குளங்களில் நீந்திப் போகவேண்டியிருக்கும் என்பதால் நான் பாலியெஸ்டர் கயிற்றைத்தான் சொல்வேன். தண்ணீர் குடிக்காது, உராய்வையும் நன்றாகத் தாங்கும். டைனீமா என்ற செயற்கை நூலை உள்புரியாக வைத்த மெல்லிய கயிறுகள் எடை குறைவு என்று ஆசை காட்டும். அந்த நூல் சுமார் 145 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும், நைலான் உருக 200 டிகிரிக்கு மேல் வேண்டும். வேகமாக இறங்கினால் டிசெண்டர் (கயிற்றில் மாட்டி இறங்கும் கருவி) எப்படிச் சுடும் என்று கைவைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முதல் கயிறாக அது வேண்டாம்.

தடிமன் 9 முதல் 9.5 மில்லிமீட்டர் சரியாக இருக்கும். 8 மில்லிமீட்டர் நனைந்துவிட்டால் புதியவர் கையில் வழுக்கிக்கொண்டு ஓடும். உங்கள் டிசெண்டரில் எந்தத் தடிமனுக்கு என்று பொறித்திருக்கும், அதையும் ஒத்துப் பாருங்கள்.

நீளத்தில்தான் நானே ஒருமுறை மாட்டிக்கொண்டேன். புது நைலான் கயிறு 60 மீட்டர், கடையில் நடுவில் கறுப்பு அடையாளம் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு முறை நனைந்து காய்ந்ததும் கயிறு சுருங்கியிருந்தது, நான் அளக்கவில்லை. முப்பது மீட்டர் இறக்கம், அடையாளத்தைப் பார்த்து நடுவை ஆங்கரில் மாட்டி இரட்டையாகப் போட்டேன். கீழே போனால் இரண்டு முனையும் தரைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தன. முனையில் முடிச்சு இருந்ததால்தான் இன்று உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன். திரும்ப ஏறி வர ஒரு மணி நேரம் ஆனது. பைன் கிரீக்கின் கடைசி இறக்கமும் கிட்டத்தட்ட 30 மீட்டர், பெரும்பகுதி பாறையைத் தொடாமல் அந்தரத்தில் தொங்கியே இறங்கவேண்டும். அதனால் ஒரே 60 மீட்டர் கயிற்றை நம்பாதீர்கள். 40 மீட்டரில் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்; இரண்டையும் இணைத்துக் கட்டினால் ஒவ்வொரு பக்கமும் 40 மீட்டர் கிடைக்கும். ஒன்று எங்காவது சிக்கிக்கொண்டாலும் இன்னொன்று கையில் இருக்கும், சுமையும் இரண்டு பைகளில் பிரியும். எந்தக் கயிறானாலும் வாங்கியதும் ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் காயவைத்து, பிறகு நீங்களே டேப் வைத்து அளந்து நடுவை அடையாளம் போடுங்கள்.

கடைசியாக, நண்பரின் பழைய கயிறு. ஐரோப்பியத் தரத்தில் செய்த ஸ்டாடிக் கயிற்றின் உள்ளே ஒரு மெல்லிய நாடா ஓடும். முனையை வெட்டினால் புரிகளுக்கு நடுவே தெரியும். அதில் இ.என். 1891 என்ற தர எண்ணும் தயாரித்த ஆண்டும் அச்சடித்திருக்கும். பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் பத்து ஆண்டு தாண்டியிருந்தால் விட்டுவிடுங்கள். ஆண்டு சரியாக இருந்தால், ஒரு முனையிலிருந்து மறு முனை வரை விரல்களுக்கு நடுவே கொஞ்சம் கொஞ்சமாக மடித்துக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் வளைவு வட்டமாக நிற்கும். உள்ளே புரி அடிபட்ட இடத்தில் மட்டும் காகிதம் மடிந்த மாதிரி சப்பையாக மடியும், அல்லது திடீரென்று மெத்தென்று இருக்கும். அப்படி ஓர் இடம் இருந்தாலும் அந்தக் கயிறு வேண்டாம். அப்புறம் நண்பரிடம் ஒன்று கேளுங்கள், கயிறு எங்கே கிடந்தது என்று. கார் பேட்டரி பக்கத்தில் கிடந்தது என்றாலோ, ஞாபகமில்லை என்றாலோ எடுக்காதீர்கள். பேட்டரி அமிலம் நைலானை உள்ளே தின்றிருந்தாலும் வெளியே ஒன்றுமே தெரியாது.