மணலை யார் பிடித்திருக்கிறார்கள்?

நேயர்களுக்கு வணக்கம். வேலூரிலிருந்து காட்பாடிக்குப் போகும்போது பாலத்தின் கீழே எட்டிப் பார்த்தால், வருஷத்தில் பெரும்பாலான நாள் பாலாறு என்பது மணலும் முள்செடியும்தான். அந்த மணலில் ஊற்றுத் தோண்டிய அனுபவம் எங்கள் தலைமுறைக்கு உண்டு. ஈரம் இருக்கும்வரை குழியின் பக்கம் செங்குத்தாக நிற்கும். வெயில் ஏறிக் காய்ந்ததும் சரசரவென்று சரிந்து, ஏறக்குறைய 30 டிகிரி சாய்வில் போய் நிற்கும்.

சரி, தன் குழியையே தாங்காத மணல் மாடிக் கட்டடத்தை மட்டும் எப்படித் தாங்குகிறது?

காற்றை உறிஞ்சி அடைத்த காபித்தூள் பொட்டலம் வாங்கியிருப்பீர்கள். செங்கல் மாதிரி இருக்கும். மூலையில் கத்தரிக்கோல் பட்டதும் தொளதொளவென்று ஆகிவிடும். தூள் அதே தூள்தான். வெளியிலிருந்து அதை அமுக்கிப் பிடித்திருந்த காற்று இப்போது உள்ளேயும் போய்விட்டது. பூமிக்கடியில் மணலை அப்படிப் பிடித்திருப்பது அதைச் சுற்றியுள்ள மண்.

மணலின் வலுவை அளக்க ஆய்வகத்தில் நாங்கள் செய்யும் டிரையாக்சியல் சோதனையும் இதே வித்தைதான். உருளை வடிவ அச்சுக்குள் மெல்லிய ரப்பர் உறையை விரித்து மணலை நிரப்புவோம். 38 மில்லிமீட்டர் குறுக்களவு, 76 மில்லிமீட்டர் உயரம். அச்சைக் கழற்றுமுன் உள்ளிருக்கும் காற்றைக் கொஞ்சம் உறிஞ்ச வேண்டும். மறந்தால் மணல் அப்படியே உட்கார்ந்துவிடும். பிறகு சுற்றிலும் தண்ணீரால் அழுத்தம் கொடுத்து, மேலிருந்து மெதுவாக அமுக்குவோம். ஒருமுறை உறையில் ஊசிமுனை அளவு ஓட்டை. அரைநாள் வேலை, கண்ணெதிரே தண்ணீர் உள்ளே புகுந்து தொய்ந்து சாய்ந்தது. கத்தரிக்கோல் பட்ட பொட்டலத்தின் கதைதான்!

நெருக்கமாக அடைத்த மணல் உடையுமுன் உப்பும். ஒரு மணல்மணி இன்னொரு மணிமேல் ஏறித்தானே நகர முடியும்? பொறியியல் அறிஞர் ரெனால்ட்ஸ் இதை 1885-லேயே விளக்கிவிட்டார். அப்புறம் குறுக்கே ஒரு சாய்ந்த கோடு விழும். பத்து இருபது மணி அகலம் இருந்தால் அதிகம். உடைவது அந்தப் பட்டைதான், மற்ற மணல் சும்மா அதன்மேல் சறுக்கும்.

ஆனால் இந்த உருளைச் சோதனையில் பக்கவாட்டு அழுத்தம் எல்லாப் புறமும் ஒன்றே. நிஜத்தில் அப்படியா? நீளமான கரைக்குள் இருக்கும் மணல், கரையின் நீளவாக்கில் நகரவே முடியாது. அந்தத் திசையில் வேறொரு அழுத்தம், பெரியதுக்கும் சிறியதுக்கும் நடுவில். பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பொறியாளர் கூலும் (Coulomb) காலத்திலிருந்து வந்த கணக்கு இந்த நடுப்பிள்ளையைக் கண்டுகொள்வதே இல்லை.

1970-களில் லேட், டங்கன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் கனசதுர மணல் மாதிரியை மூன்று திசையிலும் வெவ்வேறு அழுத்தத்தில் சோதித்தார்கள். ஜப்பானில் மட்சுவோகாவும் நாகாயும் 1974-ல், மூன்று திசை அழுத்தத்தையும் கணக்கில் எடுக்கும் தங்கள் சூத்திரத்தைத் தந்தார்கள். நடு அழுத்தம் சிறியதைவிட ஏற ஏற, மணலின் உராய்வுக் கோணம் (சரியாமல் தாங்கும் வலுவின் அளவு) முதலில் நன்றாகவே கூடுகிறது. நெருங்கிய மணலில் சில டிகிரி. உருளைச் சோதனையை நம்பிக் கட்டியவர்கள் கொஞ்சம் கூடுதல் பத்திரமாகவே கட்டியிருக்கிறார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை.

ஊற்றை எங்கள் பெரியவர்கள் வாய்க்கால்போல நீளமாக வெட்டியதில்லை, வட்டமாகத்தான் தோண்டினார்கள். வட்டத்தில் மணல் உள்ளே சரியப் பார்க்கும்போது மணிகள் சுற்றுவாக்கில் ஒன்றை ஒன்று நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். மூன்றாவது திசை வேலை செய்வதை நான் முதலில் பார்த்தது அந்தக் குழியில்தான். அப்போது எனக்கு அது தெரியாது; குடம் நிரம்பினால் போதும் என்றிருந்தேன்.