முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள்

(மானிப்பாய்ப் பக்கத்துச் சனசமூக நிலையம் ஒன்றின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம். மேடையில் சொல்ல மறந்த இரண்டொரு வரிகளையும் சேர்த்திருக்கிறேன்.)

விழாத் தலைவர் அவர்களே, பிரதம விருந்தினராக வந்திருக்கும் ஓய்வுபெற்ற கல்விப் பணிப்பாளர் அவர்களே, ஆசியுரை வழங்கிய குருக்கள் ஐயா அவர்களே, கிராம உத்தியோகத்தர் அவர்களே, மாதர் சங்கத் தலைவி அவர்களே, கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வந்து இன்னும் நித்திரைக் கலக்கத்தோடு முன்வரிசையில் இருக்கும் பொறியியலாளர் தம்பி அவர்களே, இந்த ஒலிபெருக்கிக்குக் கனடாவிலிருந்து காசு அனுப்பி, பெயர் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்ட அன்பரே, எல்லோருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் மன்னிக்க வேண்டும். போன வருடம் ஒருவரை விட்டுவிட்டேன், அவர் இன்னும் என்னோடு கதைப்பதில்லை.

நிலையத்து இளைஞர்கள் எனக்குத் தந்த தலைப்பு ‘ஸ்டெல்த் போர் விமானங்கள்’, அதாவது ராடரின் பார்வைக்கு அகப்படாமல் ஒளிந்து பறக்கும் விமானங்கள். முப்பது வருடம் பௌதிகவியல் படிப்பித்தவனிடம் ஒலிவாங்கியைக் கொடுத்திருக்கிறார்கள், இனி அவர்கள் பாடு. மூன்று விடயங்கள் சொல்லப்போகிறேன்: வடிவம், பூச்சு, சூடு.

‘முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாமா?’ என்று எங்கள் ஆச்சிமார் கேட்பார்கள். வீட்டுவேலை செய்யாமல் பொய் சொல்லும் பிள்ளைகளிடம் நானும் இதைத்தான் கேட்டேன். இங்கே இருக்கிற என் பழைய மாணவர்கள் சிரிப்பது தெரிகிறது. மறைக்க முடியாது என்றுதான் நானும் நெடுங்காலம் நினைத்திருந்தேன். அமெரிக்காவின் பி-2 என்ற ஸ்டெல்த் குண்டுவீச்சு விமானத்தின் சிறகு ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை 52 மீற்றர். அவ்வளவு பெரிய பூசணிக்காயை வானத்தில் மறைத்திருக்கிறார்கள்.

கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து ‘ஓய்’ என்று கூப்பிட்டால் ‘ஓய்’ என்று திரும்பி வரும். ராடரும் அந்த வேலைதான் செய்கிறது, குரலுக்குப் பதில் வானொலி அலையை விடுகிறது. விமானத்தில் பட்டுத் திரும்பும் அலையை வைத்து அது எங்கே, எவ்வளவு தூரத்தில் என்று கணிக்கிறது. அப்படியானால் திரும்பி வரும் அலையைக் குறைத்தால் போதும்தானே? அங்கேதான் கணக்கு கழுத்தைப் பிடிக்கிறது. அலை போகும்போதும் பரவும், திரும்பும்போதும் பரவும். அதனால் கண்டுபிடிக்கும் தூரம், தெறிக்கும் அளவின் நான்காம் மூலத்துக்கு ஏற்பத்தான் குறையும். தூரத்தைப் பாதியாக்க வேண்டுமா, தெறிப்பைப் பதினாறில் ஒன்றாக்க வேண்டும். 160 கிலோமீற்றரில் தெரிகிற விமானம் 16 கிலோமீற்றரில்தான் தெரியவேண்டும் என்றால் பத்தாயிரத்தில் ஒன்றாக்க வேண்டும். கொஞ்சம் மறைப்பதில் ஒரு பிரயோசனமும் இல்லை.

சரி, வடிவம். உருண்டையான உடம்பு அலையை எல்லாப் பக்கமும் சிதறும். அதில் ஒரு பங்கு வந்த வழியே திரும்பும். தட்டையான பலகை அப்படி இல்லை, கண்ணாடிபோல ஒரே பக்கம் திருப்பிவிடும். சாய்த்து வைத்தால் அலை ராடர் இல்லாத திசைக்குப் போய்விடும். 1970களின் நடுவில் லொக்ஹீட் நிறுவனத்தின் இரகசியப் பிரிவான ‘ஸ்கங்க் வேர்க்ஸ்’ இந்தத் துணிவில் வெறும் தட்டைப் பலகைகளால் ஒரு விமானத்தை வரைந்தது. வளைவான உடம்புக்குக் கணக்குப் போட அன்றைய கணினிகளுக்குப் பலம் காணாது என்பதும் ஒரு காரணம். பார்த்தவர்கள் அதற்கு ‘நம்பிக்கையற்ற வைரம்’ என்று பட்டம் வைத்தார்கள். அது தானாகப் பறக்காது. கணினி நொடிக்கு நொடி பிடித்து நிமிர்த்தவேண்டும். சிறிய பரிசோதனை விமானம் ‘ஹாவ் புளூ’ 1977 டிசம்பர் 1இல் பறந்தது. செய்த இரண்டும் விழுந்து நொறுங்கின. ஆனாலும் விடவில்லை. 1981 ஜூன் 18இல் அதிலிருந்து பிறந்த ஸ்டெல்த் போர் விமானம் எப்-117 பறந்தது. 1988 நவம்பர்வரை அப்படி ஒன்று இருக்கிறது என்றே உலகத்துக்குச் சொல்லவில்லை. பூசணிக்காயோடு சேர்த்துச் சோற்றுப் பானையையும் மறைத்துவிட்டார்கள்!

அடுத்தது பூச்சு. வந்த அலையை உள்ளே இழுத்துச் சூடாக்கிக் கரைத்துவிடும் பூச்சு. இதைச் சொல்ல எனக்கு என் சின்னையாவின் மொறிஸ் மைனர் காரைத்தான் துணைக்கு அழைக்க வேண்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கம், போர்க்காலம். பெற்றோல் இல்லை, மண்ணெண்ணெயில் கார் ஓடிய காலம். குண்டுபோட வரும் பொம்மரின் சத்தத்தை வைத்தே எது சியாமாசெட்டி, எது அவ்ரோ என்று பால்குடி மறவாத பிள்ளையும் சொல்லும். சின்னையாவின் கார் வெள்ளை நிறம். மேலேயிருந்து பார்த்தால் தெரிந்துவிடும் என்று அவருக்குப் பயம். முதலில் பூவரசங்குழை வெட்டி மூடினார். இரவோடு இரவாக அயல்வீட்டு ஆடுகள் வந்து குழையை முடித்துவிட்டுப் போயின. அடுத்த நாள் வேப்பங்குழை. கசக்கும், தின்னாது என்று நம்பினார். ஆடுகளுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. மூன்றாம் நாள் மனிதருக்கு ஞானம் பிறந்தது. இரண்டு வாளி சாணகத்தைக் கரைத்துக் காருக்கு மேலிருந்து கீழ்வரை பூசிவிட்டார். ராடர் அலையைக் குடிக்கும் பூச்சுக்கு யாழ்ப்பாணத்துப் பதில்! காய்ந்ததும் கார் வளவு மண்ணோடு மண்ணாகிவிட்டது. சின்னம்மா மட்டும் அந்தப் பக்கம் போகும்போது முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வா.

ஒருநாள் மத்தியானம் பொம்மர் வந்தது. எல்லோரும் பங்கருக்குள். சின்னம்மா வாசலால் எட்டிப் பார்த்துவிட்டுக் கத்தினா: ‘இஞ்சை பாருங்கோ, உங்கடை கண்ணாடி மினுங்குது!’ உண்மைதான். பூசின மனிதர் பக்கக் கண்ணாடியை விட்டுவிட்டார். வெயிலுக்கு அது பளிச் பளிச்சென்று வானத்துக்குச் சைகை காட்டிக்கொண்டிருந்தது. சின்னையா ஒன்றும் யோசிக்கவில்லை. வெளியே பாய்ந்தார், அரையில் கட்டியிருந்ததை அவிழ்த்தார், கண்ணாடிமேல் எறிந்தார், திரும்பி ஓடி வந்தார். எறிந்தது என்ன? சலவைக்குப் போய் வந்த வெள்ளை வேட்டி! பொம்மர் எங்களைக் கவனிக்காமல் போய்விட்டது. பங்கருக்குள் அரைமணி நேரம் ஒருவரும் சின்னையாவைப் பார்க்கவில்லை, பார்க்கும் நிலையில் அவர் இருக்கவும் இல்லை.

சிரிக்கிறீர்கள். ஸ்கங்க் வேர்க்ஸை நடத்திய பென் ரிச் சொன்ன கதையும் இதுதான். பரிசோதனைப் பறப்பு ஒன்றில் விமானம் திடீரென்று ராடரில் பெரிதாகத் தெரிந்தது. இறக்கிப் பார்த்தார்கள். மூன்று திருகாணிகள் சரியாக இறுகாமல், மூன்று மில்லிமீற்றர் அளவுகூட இல்லாமல், மேலே நீட்டிக்கொண்டிருந்தன. இன்னொரு முறை தூணின்மேல் மாதிரி விமானத்தை வைத்துச் சோதித்தபோது, ‘மாதிரி விமானம் விழுந்துவிட்டதோ?’ என்று ராடர்காரர் கேட்டார். விழவில்லை. ஒரு பறவை வந்து அதன்மேல் உட்கார்ந்திருந்தது, ராடருக்குத் தெரிந்தது பறவை.

இனித்தான் நான் சொல்லவந்ததற்கு வருகிறேன். கல்விப் பணிப்பாளர் அவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

இந்தக் கணக்கின் திறவுகோல் அமெரிக்காவில் பிறக்கவில்லை. மொஸ்கோவில் பியோத்தர் உபிம்ட்செவ் என்ற பௌதிகவியலாளர் 1962இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். பொருள்களின் விளிம்புகளில் அலை எப்படி வளைந்து சிதறுகிறது என்பதற்கான கணக்கு அது. பலகையைச் சாய்த்துவிடலாம், விளிம்பை என்ன செய்வது? அந்தக் கேள்விக்கு விடை அதற்குள் இருந்தது. இரகசியப் புத்தகமும் அல்ல. சொந்த நாட்டில் அதை வைத்து ஒருவரும் விமானம் கட்டவில்லை. 1971இல் அமெரிக்க விமானப்படையின் வெளிநாட்டுத் தொழில்நுட்பப் பிரிவு அதை ஆங்கிலமாக்கியது. லொக்ஹீட்டின் டெனிஸ் ஓவர்ஹோல்சர் என்ற பொறியியலாளர் அந்தச் சமன்பாடுகளுக்குள் இருந்ததைக் கண்டுகொண்டார். மற்றதெல்லாம் சற்று முன் கேட்டீர்கள். எழுதியவரே 1990இல் கலிபோர்னியாவுக்குப் படிப்பிக்கப் போனார்.

யோசித்துப் பாருங்கள். எங்கோ ஒரு மேசையில், பெயர் வெளியே வராத ஒருவர், பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு ரஷ்ய வசனங்களை மாற்றியிருப்பார். அந்த வேலைக்கு யார் பொன்னாடை போர்த்தினார்கள்?

இந்த ஊருக்கு அந்த வேலை புதிது அல்ல. சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர் மானிப்பாயில் இருந்து மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தார், நூல்களைத் தமிழாக்கினார். அவருடைய ‘கெமிஸ்தம்’ 1875இல் வந்தது. எழுத்தாணியும் மண்ணெண்ணெய் விளக்கும் இருந்த காலத்தில் வேதியியல் தமிழில்! இன்று எங்கள் நிலையத்து அலுமாரியைத் திறந்து பாருங்கள். சோதிடம் இருக்கிறது, சமையல் இருக்கிறது, பரீட்சை வினாத்தாள் இருக்கிறது. பிள்ளை ஒன்று ராடர் என்றால் என்ன என்று கேட்டால் கொடுக்க ஒன்றும் இல்லை. நான் எழுதிக் கொடுத்த கோரிக்கை ஒன்று, எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன், நான்கு வருடமாக ஒரு கோப்புக்குள் நித்திரை கொள்கிறது. முழுப் பூசணிக்காயைக் கோப்பில் மறைப்பதில் அவர்கள் ஸ்கங்க் வேர்க்ஸையும் வென்றவர்கள்.

எப்-117 முதலில் பறந்தது 1981 ஜூன் 18 என்று சொன்னேன் அல்லவா? அதற்குப் பதினேழு நாள் முன்னே, மே 31 இரவு கடந்து ஜூன் 1இல், எங்கள் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள். ஒரு நாடு, பிற மொழியில் வந்த ஒரு நூலை வாசித்த பயனை வானத்தில் ஏற்றிய அதே மாதம். இந்த இரண்டு திகதிகளையும் ஒன்றாக எழுதிப் பார்த்த நாளில் நான் சாப்பிடவில்லை.

‘சேர், அந்த விமானம் விழவே இல்லையா?’ என்று பின்வரிசையில் ஒரு தம்பி கேட்கிறார். விழுந்தது. 1999 மார்ச் 27, சேர்பியாவில். அறுபதுகளில் வந்த பழைய எஸ்-125 ஏவுகணையால் சோல்தான் டானி என்பவரின் படையணி வீழ்த்தியது. விமானிக்கு உயிர்ச்சேதம் இல்லை. வருடங்கள் கழித்து இருவரும் சந்தித்து நண்பர்களானார்கள். டானி அப்போது பேக்கரி நடத்திக்கொண்டிருந்தார். பழைய ஆயுதமானாலும் அதை அக்குவேறு ஆணிவேறாகப் படித்து வைத்திருந்தார் அந்த மனிதர்.

சூட்டைப் பற்றி, அதாவது இயந்திரத்தின் வெப்பத்தை எப்படி மறைக்கிறார்கள் என்பதைப் பற்றி, சொல்ல நேரம் காணாது போலிருக்கிறது. வாயு வெளியேறும் வாய் தட்டையாக இருக்கும் என்பதோடு நிறுத்துகிறேன். தலைவர் கைக்கடிகாரத்தை மூன்றாம் தடவை பார்க்கிறார், மாதர் சங்கத்துத் தேநீரும் ஆறுகிறது.

ஒரு விடயம் மட்டும். ‘விஞ்ஞான அலுமாரி’ என்று அட்டையில் எழுதிய கொப்பி செயலாளரிடம் இருக்கிறது. மாதம் நான்கு பக்கம் தமிழாக்கித் தரக்கூடியவர்கள் அதில் பெயர் எழுதலாம். ஆங்கிலம் தெரிந்தவர்கள் மொழிபெயர்க்கலாம், தெரியாதவர்கள் வாசித்து ‘இது விளங்கவில்லை’ என்று சொல்லலாம். இரண்டாவது ஆள்தான் எங்களுக்கு அதிகம் வேண்டும். முதல் வரியில் என் பெயர். இரண்டாம் வரியில் பொறியியலாளர் தம்பியின் பெயரை அவர் நித்திரையாக இருந்தபோது நானே எழுதிவிட்டேன். கையெழுத்து மட்டும் அவர் வைக்க வேண்டும். வணக்கம்.