பெலீஸின் தென்கோடி டொலீடோ: பயணத்தைத் திட்டமிடுவது எப்படி?

[திரையில்: மத்திய அமெரிக்க வரைபடம், பெலீஸின் தென்முனை நிறமிடப்படுகிறது]

வணக்கம். கரீபியன் கடலோரத்தில் அமைந்த பெலீஸ் நாட்டின் ஆறு மாவட்டங்களில் தென்கோடியில் இருப்பது டொலீடோ. அந்நாட்டுக்குச் சுற்றுலா வருவோரில் பெரும்பாலோர் வடக்கிலுள்ள தீவுகளோடு திரும்பிவிடுவதால் இங்கே கூட்டம் குறைவு. வசதிகளும் அந்த அளவுக்கே உள்ளன. எனவே எந்தெந்த இடங்களைப் பார்ப்பது என்பதைவிட, எந்த மாதத்தில் செல்வது, எந்தக் கிழமையில் எந்த ஊரில் தங்குவது என்பவற்றையே இங்கு முதலில் முடிவு செய்ய வேண்டும்.

அதற்கு முன் ஓர் எதிர்பார்ப்பைத் திருத்திக்கொள்வது நல்லது. கடலோர மாவட்டம் என்றதும் வெண்மணல் கரையை மனத்தில் வைத்துக்கொண்டு வருபவர்கள் ஏமாந்துபோவார்கள். மலையிலிருந்து இறங்கும் ஆறுகள் வண்டலைக் கொண்டுவந்து சேர்ப்பதால் கரையோர நீர் பெரும்பாலும் கலங்கலாகவே இருக்கும். கரையின் பெரும்பகுதி அலையாத்திக் காடு. தெளிந்த நீரையும் பவளப்பாறைகளையும் காண விரும்புவோர், மாவட்டத் தலைநகரான புன்டா கோர்டாவிலிருந்து படகில் வெகுதூரம் சென்று சப்போடில்லா தீவுகளை அடைய வேண்டும். 1996இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற பெலீஸ் பவளத்திட்டின் தென்முனை அதுவே. கடல் கொந்தளித்தால் படகு புறப்படாது. ஆதலால் இந்தப் பயணத்தைக் கடைசி நாளுக்கு ஒதுக்காமல், தள்ளிப்போட இடமிருக்கும்படி முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள்.

[திரையில்: மழை அளவு வரைபடம்]

அடுத்தது மழை. நாட்டின் வடபகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,350 மில்லிமீட்டர் பெய்யும் மழை, தென்கோடியில் 4,500 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. வறண்ட காலமும் இங்கே குறுகியது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரைதான் அதை நம்பலாம். ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம். 2001 அக்டோபரில் 'ஐரிஸ்' சூறாவளி தாக்கியது இந்தத் தென்பகுதியைத்தான். ஆப்பிரிக்கரும் கரீபியன் பழங்குடியினரும் கலந்து உருவான கரிஃபுனா மக்கள், தாங்கள் பெலீஸில் குடியேறியதை நினைவுகூர்ந்து நவம்பர் 19 அன்று பறையோசையோடு கொண்டாடும் குடியேற்ற நாளைக் காண வருவோர், மழைக்கோட்டும் ஈரம் புகாத பையும் இல்லாமல் வரக் கூடாது. புளூ கிரீக் ஊரருகே ஆற்று நீரில் நீந்தியே நுழைய வேண்டிய குகை ஒன்று உள்ளது; மேற்புறத்தில் கனமழை பெய்திருக்கிறது என்று வழிகாட்டி தயங்கினால், அவரிடம் வாதாடாமல் திரும்பிவிடுவதே முறை.

[திரையில்: புன்டா கோர்டா சந்தை, வரிசையாக நிற்கும் பேருந்துகள்]

இனி, பலரின் திட்டம் குலைந்துபோகும் இடத்துக்கு வருவோம். புன்டா கோர்டாவிலிருந்து, கரையை விட்டு உள்ளே தள்ளியுள்ள மோப்பான், கெக்சி என்னும் மாயா பழங்குடிப் பிரிவினரின் ஊர்களுக்குச் செல்லும் பேருந்துகள் சுற்றுலாவுக்காக ஓடுவன அல்ல. அமெரிக்காவில் பள்ளி வண்டிகளாக ஓடி ஓய்ந்த அந்தப் பேருந்துகள், திங்கள், புதன், வெள்ளி, சனி ஆகிய சந்தை நாட்களில் விளைபொருள் மூட்டைகளோடு ஊர்மக்களை விடியலில் நகருக்கு ஏற்றிவந்து, நண்பகல் வாக்கில் திரும்ப அழைத்துச் செல்கின்றன. நகரில் தங்கியிருக்கும் பயணிக்கு இந்த நேரம் நேரெதிரானது: நண்பகலில் புறப்பட்டு ஊருக்குப் போய்ச் சேர்ந்தால், திரும்பி வரும் வண்டி மறுநாளோ அடுத்த சந்தை நாளிலோ விடியலில்தான் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை அதை எதிர்பார்க்கவே வேண்டாம். ஆகவே வாகனத்தை வாடகைக்கு எடுக்க வேண்டும், அல்லது ஊரிலேயே இரவு தங்க வேண்டும்.

என் கருத்தில் இரண்டாவது வழியே மேலானது. டொலீடோ சூழல்சுற்றுலாச் சங்கத்தின் ஏற்பாட்டில் சில ஊர்களில் எளிய விருந்தினர் இல்லங்கள் உள்ளன. உணவு ஊரிலுள்ள குடும்பங்களின் வீடுகளில் முறைவைத்து வழங்கப்படுகிறது. மாயா மக்களின் வழக்காற்று நில உரிமையை 2015இல் கரீபியன் நீதிமன்றம் உறுதிசெய்தது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அருவிக்கோ காட்டுக்கோ செல்வதற்கு முன் 'அல்கால்டே' எனப்படும் ஊர்த்தலைவரிடமோ தங்கியிருக்கும் வீட்டாரிடமோ கேட்டுவிடுவது வெறும் மரியாதை மட்டுமன்று. அது அவர்களுடைய நிலம்.

பேருந்து நேரத்துக்குக் கட்டுப்படாமல் பார்க்கக்கூடியது நிம் லி புனிட் என்னும் பண்டைய மாயா நகரத்தின் இடிபாடு. தெற்கு நெடுஞ்சாலைக்கு அருகிலேயே இருப்பதால் நெடுந்தூரப் பேருந்தில் இறங்கி நடந்தே போகலாம். சுண்ணாம்புச் சாந்து இல்லாமல் கல்லோடு கல் பொருத்திக் கட்டப்பட்ட மற்றொரு பண்டைய மாயா நகரமான லுபாந்துன் சற்று உள்ளே உள்ளது. அங்கே 1924இல் கிடைத்ததாகச் சொல்லப்படும் படிகக்கல்லில் செதுக்கிய மண்டையோட்டின் கதையை நம்பத் தேவையில்லை. அப்பொருளை லண்டன் வணிகர் ஒருவர் 1943இல் அங்கே ஏலத்துக்கு வைத்ததற்குச் சான்று உண்டு.

பெலீஸ் சிட்டியிலிருந்து சிறு விமானத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் புன்டா கோர்டாவை அடையலாம். பேருந்தில் அரை நாள் ஆகும். பன்னாட்டு விமானம் மாலையில் தரையிறங்கினால், அன்றிரவு பெலீஸ் சிட்டியிலேயே தங்கத் திட்டமிடுங்கள். அமெரிக்க நகரங்கள் வழியாக வருவோருக்கு, விமானம் மாறுவதற்கு மட்டுமே இறங்கினாலும், இந்தியக் கடவுச்சீட்டு இருந்தால் அமெரிக்க விசா தேவை.

பெலீஸ் டாலர் இரண்டுக்கு ஓர் அமெரிக்க டாலர் என்பது நிலையான மாற்று விகிதம். இரண்டுமே புழக்கத்தில் இருப்பதால், விலை கேட்கும்போது எந்த டாலர் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஊர்களுக்குள் செல்லுமுன் நகரிலேயே ரொக்கம் எடுத்துக்கொள்ளுங்கள்.

2023இல் உலக சுகாதார நிறுவனம் பெலீஸை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. ஆனால் டெங்கு உண்டு. கரையோரத்து மணல் ஈக்கள் சாதாரணக் கொசுவலையின் கண்களில் எளிதாகப் புகுந்துவிடும் என்பதால் நெருக்கமான வலையும் முழுக்கைச் சட்டையும் வேண்டும்.

பயணத்தைக் குவாத்தமாலாவில் தொடர நினைப்போருக்கு, புன்டா கோர்டாவிலிருந்து புவேர்ட்டோ பாரியோஸ் துறைமுகத்துக்குப் படகு உண்டு. ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். படகில் ஏறுமுன் குடிநுழைவு அலுவலகத்தில் வெளியேறும் முத்திரை பெற வேண்டும். ஒருமுறை மட்டுமே நுழைய அனுமதிக்கும் விசாவில் வந்தவர்கள் அந்த முத்திரைக்குப் பின் பெலீஸுக்குத் திரும்ப முடியாது என்பதால், நாடு திரும்பும் விமானத்தைக் குவாத்தமாலாவிலிருந்தே பதிவு செய்துகொள்ள வேண்டும்.