ஆறு கடந்த பிறகும் அண்ணன் தம்பி

(பொது சுகாதாரப் பணியாளர் மாநாட்டில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மாநாட்டுத் தலைவர் அவர்களே, என்னைப் பற்றி எனக்கே தெரியாத சிறப்புகளை எடுத்துரைத்த வரவேற்புக் குழுச் செயலாளர் அவர்களே, தொடக்கவுரையாற்றிவிட்டு அடுத்த நிகழ்ச்சிக்கு விடைபெற்றுச் சென்ற மாண்புமிகு அமைச்சர் அவர்களே (அவர் இல்லாவிட்டாலும் அவர் அமர்ந்த நாற்காலி இருக்கிறது, அதற்கும் என் வணக்கம்), துறை இயக்குநர் அவர்களே, மருத்துவக் கல்லூரி முதல்வர் அவர்களே, சங்கத்தின் மூத்த நிர்வாகிகளே, பின்னால் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருக்கும் களப்பணியாளர்களே! முன்வரிசையில் பத்துப் பதினைந்து நாற்காலிகள் காலியாகக் கிடக்கின்றன. பெயர்ச்சீட்டு ஒட்டியிருந்தாலும் பரவாயில்லை, வந்து உட்காருங்கள். நான் காத்திருக்கிறேன்.

நல்லது. நான்கு செய்திகள் சொல்ல வந்தேன்: எண்ணிக்கை, பயிற்சி, பாதுகாப்பு, பணி நிரந்தரம். எண்ணிக்கையைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். 2030-இல் உலகுக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட சுகாதாரப் பணியாளர்கள் குறைவார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது. இந்தத் துறையில் வேலை செய்வோரில் மூன்றில் இரண்டு பங்கினர் பெண்கள். பயிற்சியைப் பற்றிக் கல்லூரி முதல்வர் அவர்கள் பிற்பகல் அமர்வில் என்னைவிட நன்றாகப் பேசுவார்கள்.

நம் முன்னோர் சொன்னதை நான் எந்த மேடையிலும் விட்டதில்லை: "ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி, ஆறு கடந்தால் நீ யார், நான் யார்?" கொள்ளைநோய் வரும்போது களப்பணியாளர் நமக்கு அண்ணன், தம்பி, அக்கா, தங்கை. கைதட்டுவோம், பூத்தூவுவோம். நோய் அடங்கியதும் ஒப்பந்தம் முடிந்தது என்று ஒரு கடிதம் போகும்.

ஒரு கதை சொல்கிறேன். உண்மைக் கதை. 2014 ஜூலை 20. லைபீரியாவிலிருந்து விமானத்தில் வந்த ஒருவர் நைஜீரியாவின் லாகோஸ் விமான நிலையத்தில் சரிந்து விழுந்தார். அரசு மருத்துவர்கள் அப்போது வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். (ஏன் என்று இந்த அரங்கில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை!) ஆகவே அவரைத் தனியார் மருத்துவமனை ஒன்றுக்குக் கொண்டு போனார்கள். மலேரியா என்றுதான் முதலில் நினைத்தார்கள். அங்கிருந்த மூத்த மருத்துவர் அமேயோ அடடேவோ, இது எபோலா என்ற கொடிய தொற்றுநோயாக இருக்கலாம் என்று சந்தேகித்தார். நோயாளியோ சாதாரண ஆள் அல்லர். அரசு அதிகாரி, ஒரு மாநாட்டுக்குப் போகவேண்டியவர். விட்டுவிடுங்கள் என்று அவர் நாட்டு அதிகாரிகளிடமிருந்து நெருக்கடி வந்தது. விடமாட்டேன் என்று நின்றார் அந்த அம்மையார். நோயாளி இறந்தார். அவரிடமிருந்து தொற்றிய நோயால் ஆகஸ்ட் 19 அன்று அம்மையாரும் இறந்தார்.

கோடிக்கணக்கானோர் நெருக்கியடித்து வாழும் நகரத்தில் எபோலா நுழைந்துவிட்டது. உலகமே கையைப் பிசைந்தது. ஆனால் அந்த நாட்டில் போலியோ ஒழிப்புக்கான அவசர நடவடிக்கை மையம் ஒன்று ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்தது. அதன் துணைப் பொறுப்பாளரையே எபோலா பணிக்குத் தலைவராக்கினார்கள். போலியோவுக்குப் பழகிய ஆட்களை அப்படியே இந்தப் பக்கம் திருப்பினார்கள். நோயாளிகளோடு தொடர்பில் இருந்தவர்கள் 894 பேர். ஒவ்வொருவர் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டும். காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பதிவேட்டில் எழுத வேண்டும். மறுநாளும் போக வேண்டும். இப்படி 21 நாள். நடுவில் ஒருவர் கண்காணிப்பிலிருந்து நழுவிப் போர்ட் ஹார்கோர்ட் நகருக்கே போய்விட்டார். அங்கே அவருக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர் இறந்தார். அந்த ஊரிலும் முதலிலிருந்து கதவு தட்ட வேண்டியதாயிற்று. மொத்தம் 18,000-க்கும் மேற்பட்ட நேரடிச் சந்திப்புகள். நோய் 20 பேரோடு நின்றது. எட்டுப் பேர் இறந்தார்கள். அக்டோபர் 20 அன்று நைஜீரியா எபோலா அற்ற நாடு என்று அறிவிக்கப்பட்டது.

கைதட்டலுக்கு நன்றி. அந்தக் கைதட்டலைச் சற்று மிச்சம் வைத்திருங்கள். பயந்துபோன குடும்பத்தின் கதவை எப்படித் தட்டுவது, திட்டி அனுப்பிய வீட்டுக்கு மறுநாள் எந்த முகத்தோடு போவது என்பதெல்லாம் ஒரு வாரப் பயிலரங்கில் வருமா? போலியோ சொட்டு மருந்துப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் நடந்த கால்களுக்கு அது தெரிந்திருந்தது. தீப்பிடித்த பிறகு தீயணைப்பு வீரர் தேவை என்று விளம்பரம் கொடுத்தால் எப்படி?

தலைவர் அவர்கள் துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார்கள். ஐந்து நிமிடமாம். ஆகவே பாதுகாப்பைப் பற்றிச் சொல்ல நினைத்ததை விட்டுவிட்டு நேரே பணி நிரந்தரத்துக்கு வருகிறேன்.

இந்தியாவில் 2005-இல் தொடங்கிய, ஆஷா எனப்படும் சமூக சுகாதாரப் பணியாளர் திட்டத்தில் சுமார் பத்து லட்சம் பெண்கள். அரசுக் காகிதத்தில் அவர்கள் தன்னார்வலர்கள். 2022-இல் உலக சுகாதார நிறுவனம் அவர்களுக்கு விருது கொடுத்தது. விருது வந்தது, காலமுறை ஊதியம் வரவில்லை, மதிப்பூதியமும் ஊக்கத்தொகையும்தான். பாகிஸ்தானில் 1994-இல் தொடங்கிய பெண் சுகாதாரப் பணியாளர் திட்டத்தில், ஆண்டுக்கணக்கில் தெருவில் இறங்கியும் நீதிமன்றப் படியேறியும்தான் பணி நிரந்தரம் கிடைத்தது. ஆறு கடந்தவர்கள் அண்ணன் தம்பியை மறந்த கதை எல்லா நாட்டிலும் இருக்கிறது.

நிதிச்சுமை என்பார்கள். இயக்குநர் அவர்கள் மன்னிக்க வேண்டும், நான் வேறொரு சுமையைச் சொல்கிறேன். பதினொரு மாத ஒப்பந்தத்தில் இருப்பவர், தன் பகுதியில் வயிற்றுப்போக்கு கூடுகிறது என்று வாராந்திர அறிக்கையில் எழுதுவாரா? எழுதினால் மேலதிகாரி முகம் சுளிப்பார். அடுத்த மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் போகலாம். "நோய் இல்லை" என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டால் வேலை தங்கும். அந்தக் கோடுகளையெல்லாம் கூட்டித்தான் தலைமையகத்தில் வரைபடம் தயாராகிறது. கெட்ட செய்தியைச் சொல்பவருக்கு வேலை போகாது என்ற உறுதி இல்லாத துறையில் எந்தக் கண்காணிப்பும் கண்காணிப்பு அல்ல. கணினி வாங்கலாம், செயலி வாங்கலாம். உண்மையை எழுதும் துணிச்சலை எந்த டெண்டரில் வாங்குவீர்கள்?

மாலையில் நிறைவேற்றவிருக்கும் தீர்மானத்தின் வரைவைப் படித்தேன். "பணியாளர் நலனில் உரிய கவனம் செலுத்தப்படும்" என்றிருக்கிறது. அந்த வரியை அடித்துவிட்டு, "மூன்று ஆண்டு பணி முடித்த ஒப்பந்தக் களப்பணியாளர் அனைவரும் காலமுறை ஊதியத்தில் நிரந்தரப்படுத்தப்பட வேண்டும்" என்று எழுதுமாறு செயலாளர் அவர்களை இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். திருத்தத்தை முன்மொழிவது நான். வழிமொழிய முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்திருங்கள். நன்றி, வணக்கம்.