பல்சட்டம் இல்லாமல் மலையேறிய, மரம் சுமக்கும் ரயில்

நேயர்களுக்கு வணக்கம்.

ஊட்டி ரயில் கல்லாருக்கும் குன்னூருக்கும் இடையில் 12 அடிக்கு ஓர் அடி ஏறுகிறது. அந்த ஏற்றத்துக்கே தண்டவாளங்களின் நடுவில், எஞ்சினின் பல்சக்கரம் பற்றி ஏறும் பல்சட்டம் பதிக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் காஸ் என்ற சிற்றூரிலிருந்து கிளம்பும் பாதை, சில இடங்களில் 100 அடிக்கு 11 அடி ஏறுகிறது. ஊட்டிப் பாதையைவிடச் செங்குத்து. ஆனால் அங்கே பல்சட்டம் கிடையாது, வழவழப்பான சாதாரணத் தண்டவாளம்தான். மரம் இறக்குவதற்காகப் போடப்பட்ட அந்தப் பாதையைப் பற்றித்தான் இன்றைய உரை.

காகிதக்கூழுக்கு உகந்த சிவப்பு ஸ்ப்ரூஸ் மரம் அந்த மலைகளின் உச்சிப் பகுதியில் அடர்ந்திருந்தது. வெஸ்ட் வர்ஜீனியா பல்ப் அண்ட் பேப்பர் என்ற நிறுவனம் 1901-இல் மலையடிவாரத்தில் காஸ் ஊரை உருவாக்கி, அங்கிருந்து மேல்நோக்கிப் பாதை போடத் தொடங்கியது. கூழ்மரம் பெரிய ரயில் கம்பெனி ஒன்றின் பாதைக்கு மாற்றப்பட்டு, வர்ஜீனியாவின் கோவிங்டன் காகித ஆலைக்குப் போனது. பருத்த மரங்களை காஸ் ஊரின் அறுவை ஆலையே அறுத்தது. நல்ல காலத்தில் ஒரு ஷிப்டுக்கு 1,25,000 போர்டு அடி. நம் மரவாடிக் கணக்கில் ஏறக்குறைய 10,400 கன அடி.

இத்தனை மரமும் செங்குத்தான சரிவில் இறங்கி வர வேண்டும். ஒரே மூச்சில் ஏற இடமில்லாத சரிவில் பாதையை 'இசட்' வடிவில் மடக்கினார்கள். ரயில் முட்டுப்பாதைக்குள் முழுவதுமாக நுழையும், பின்னால் தண்டவாளம் பிரியும் இடத்தில் வழி மாற்றப்படும், பிறகு பின்னோக்கியே அடுத்த ஏற்றத்தில் ஏறும். இப்படி இரண்டு மடிப்புகள்.

சாதாரண நீராவி எஞ்சின் இங்கே தோற்றுப்போகும். அதன் பெரிய சக்கரங்கள் இணைப்புத் தண்டுகளால் பூட்டப்பட்டு, விறைப்பான ஒரே சட்டத்தில் நிற்பவை. கூர்மையான வளைவில் அவை தண்டவாளத்தையே வெளியே தள்ளிவிடும். மேலும் பிஸ்டனின் உந்துதல் சீராக வருவதில்லை. சக்கரம் சுற்றும்போது விசை ஏறி ஏறி இறங்குகிறது. ஏறும் அந்தக் கணத்தில் சக்கரம் வழுக்கிவிடும்.

இதற்கு வழி கண்டவர் மிச்சிகனில் மரத்தொழில் செய்த இஃப்ரைம் ஷே. 1881-இல் காப்புரிமை பெற்றார். ஒஹையோவின் லைமா நகரில் 1945 வரை சுமார் 2,770 ஷே எஞ்சின்கள் செய்யப்பட்டன. ஓட்டுநர் முன்னோக்கிப் பார்க்கும் திசையில், ஷே எஞ்சினின் கொதிகலன் இடப்பக்கம் ஒதுங்கியிருக்கும். வலப்பக்கம் செங்குத்தாக நிற்கும் இரண்டு அல்லது மூன்று சிலிண்டர்களின் எடையைச் சமன்செய்யவே அந்த ஒதுக்கம். சிலிண்டர்கள் எஞ்சினின் நீளவாக்கில் ஓடும் ஒரு தண்டைச் சுழற்றுகின்றன. தண்டில் உள்ள சிறு பல்சக்கரங்கள், வலப்பக்கத்து ஒவ்வொரு சக்கரத்தின் முகத்திலும் பொருத்திய பெரிய பல்சக்கரத்தோடு கோக்கின்றன. தண்ணீரும் நிலக்கரியும் சுமக்கும் பின்பகுதியின் சக்கரங்களும் இதே தண்டால்தான் ஓடுகின்றன. ஆகவே எஞ்சினின் எடை முழுவதும் பிடிமானமாகிறது, ஒரு கிலோ கூட வீணாவதில்லை. வளைவில் சக்கரத் தொகுதிகள் தனித்தனியே திரும்பும்போது தண்டு முறியாதிருக்க, லாரியில் இருப்பதுபோன்ற யுனிவர்சல் ஜாயிண்டும், நீண்டு சுருங்கும் இணைப்பும் உண்டு.

தண்டு இரண்டு சுற்றுக்கும் மேல் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். அதனால் வேகம் மிகக் குறைவு, இழுவை மிக அதிகம். புகைபோக்கிச் சத்தத்தை மட்டும் கேட்டால் எக்ஸ்பிரஸ் வருகிறது என்று தோன்றும். பார்த்தால் மனிதன் நடக்கும் வேகத்தில் ஊர்ந்து கொண்டிருக்கும்.

பல்சக்கரங்கள் திறந்தவெளியில் ஓடுவதால் தூசியும் மணலும் கிரீஸில் ஒட்டிப் பற்களைத் தேய்த்தன. ஜாயிண்டுகளுக்கு அடிக்கடி எண்ணெய் விட வேண்டும், விடாவிட்டால் சூடேறி இறுகும். இதைவிடப் பெரிய ஆபத்து தண்ணீர் மட்டம். கொதிகலனுக்குள் நிலக்கரி எரியும் நெருப்பறையின் கூரைத்தகடு எப்போதும் நீரில் மூழ்கியிருக்க வேண்டும். எஞ்சின் மூக்கு மேட்டைப் பார்த்திருந்தால் நீர் பின்னால் வந்து தகட்டை மூடும். பாதை மடிந்து, இரண்டு மடிப்புகளுக்கு நடுவில் எஞ்சின் பின்னோக்கி ஏறும்போது மூக்கு பள்ளத்தைப் பார்க்கும். நீர் முன்னால் ஓடிவிடும். தகடு வெறுமையாகிப் பழுத்துச் சிவந்தால் கொதிகலன் வெடிக்கும். அதனால் மடிப்பு வருமுன்பே தண்ணீரை ஏற்றி வைப்பது, நிலக்கரி அள்ளிப்போடும் ஃபயர்மேனின் கடமை.

இந்தப் பாதையில் ஏறுவதைவிட இறங்குவதே கடினமான வேலை என்பேன். காலி வண்டிகள் மேலே போகும், பாரம் கீழே வரும். பிரேக் அழுத்தம் கூடிவிட்டால் சக்கரம் சுழலாமல் சறுக்கும். சறுக்கும் சக்கரம் சுழலும் சக்கரத்தைவிடக் குறைவாகவே தடுக்கும். அதோடு அதன் அடிப்பாகம் தட்டையாகிவிடும். எனவே பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்தி, சுழலவிட்டு, மறுபடி பிடிக்க வேண்டும். சரிவில் வேகம் கூடிக்கொண்டிருக்கையில் பிரேக்கைத் தளர்த்தத் துணிவது சாதாரணக் காரியமல்ல. இணைப்பு அறுந்தால் வண்டிகள் ஓடிவிடாமலிருக்க, மடிப்புகளுக்கு இடைப்பட்ட பகுதி தவிர மற்ற ஏற்றங்களில் எஞ்சின் பள்ளத்துப் பக்கமே நின்று தள்ளியது.

1942-இல் காஸ் ஆலையும் பாதையும் மோவர் லம்பர் கம்பெனிக்குக் கைமாறின. 1960 ஜூலை 1-ஆம் தேதி ஆலை மூடப்பட்டது. பழைய இரும்புக்காகத் தண்டவாளங்களைப் பெயர்க்கத் தொடங்கிய வேளையில், ரயில் ஆர்வலர்கள் வற்புறுத்தி, மாநில அரசே அந்தப் பாதையை வாங்கும்படி செய்தார்கள். 1963-இல் சுற்றுலா ரயில் ஓடத் தொடங்கியது. பின்னர் அது 4,842 அடி உயரமுள்ள பால்ட் நாப் சிகரம்வரை நீண்டது. 1905-இல் செய்த 5-ஆம் எண் ஷே எஞ்சினும், 1945-இல் லைமா நகரில் செய்த கடைசி ஷே எஞ்சினான, 162 டன் எடையுள்ள 6-ஆம் எண் எஞ்சினும் காஸ் ஊரில்தான் இருக்கின்றன. அங்கே போகும் வாய்ப்புக் கிடைத்தால் எஞ்சினின் வலப்பக்கம் சென்று நில்லுங்கள். சிலிண்டரும் தண்டும் பல்சக்கரமும் அந்தப் பக்கத்தில் மட்டும்தான் தெரியும்.